பார்க்காமல் படம் பிடிக்கிறவர்: டசிட்டா டீனின் பிலிம் வேலை

2001 ஆம் ஆண்டு, மடகஸ்காரின் மேற்குக் கரையில் உள்ள மொரொம்பே என்ற ஊரில், பிரித்தானியக் கலைஞர் டசிட்டா டீன் தன் 16 மில்லிமீற்றர் பிலிம் கமராவைக் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டுச் சூரியன் இறங்கும்வரை காத்திருந்தார். அவர் தேடியது சூரியனின் கடைசி விளிம்பு கடலுக்குள் போகிற கணத்தில் எப்போதாவது தோன்றும் பச்சைக் கீற்றை. அடிவானம் மறைப்பில்லாமல், காற்றும் தெளிவாக இருந்தால் நம் யாழ்ப்பாணத்து நெடுந்தீவின் மேற்குக் கரையில் நின்றுகூட அதைக் காண வாய்ப்பு உண்டு. வளிமண்டலம் ஒளியை வளைத்து நிறம் நிறமாகப் பிரிக்கிறது, சிவப்பும் மஞ்சளும் முதலில் இறங்கிவிடும், நீலம் காற்றிலேயே சிதறிப் போகும், கடைசியில் மிஞ்சுவது பச்சை. அதுவும் ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு.

அங்கே இன்னும் இரண்டு பேர் வீடியோ கமராவோடு அதே அஸ்தமனத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் மறைந்த உடனேயே திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பச்சை எதுவும் இல்லை. ஆகவே அப்படி ஒன்று இன்றைக்கு நடக்கவில்லை என்று முடிவாகிவிட்டது. டீனிடம் திருப்பிப் போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, கண்டேன் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. பிறகு இங்கிலாந்தில் பிலிம் கழுவி வந்தபோது அதில் பச்சை விழுந்திருந்தது. ஆனால் ஒரு பிரேமை நிறுத்தி ‘இதோ’ என்று சுட்டிக் காட்ட முடியாது, ஓடும்போது மட்டுமே கண்ணில் படும். ‘த கிரீன் ரே’ என்ற அந்தப் படம் ஓடுவது இரண்டரை நிமிடம்.

டீனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அவரைப் பழைய பொருட்களின் மேல் பாசம் கொண்டவர், டிஜிட்டல் காலத்தில் பிலிமைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர் என்ற மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எடுக்கும்போது தனக்கே தெரியாமல் இருக்கிற நிலையை அவர் வேண்டி விரும்பித் தேடிப் போகிறார், பிலிம் அந்த நிலையைக் கட்டாயமாக்குகிறது, அதனால்தான் அவருக்கு அது வேண்டியிருக்கிறது. அவருடைய படங்கள் ஏன் அப்படி நீளமாக, அசையாமல், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கின்றன என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965 இல் இங்கிலாந்தின் கன்ரபரியில் பிறந்தவர். படித்தது ஓவியம், முதலில் ஃபல்மத்தில், பிறகு லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரியில். 1998 இல் டேர்னர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், 2006 இல் ஹியூகோ பொஸ் பரிசு பெற்றார். 2000 இல் பேர்லினுக்குப் போனவர் பிறகு லொஸ் ஏஞ்சலீஸிலும் இருந்து வேலை செய்கிறார். பிலிம், புகைப்படம், கரும்பலகையில் சோக்கால் வரைந்த பிரமாண்டமான சித்திரங்கள், எழுத்து என்று எல்லாமே அவர் கையில் இருக்கின்றன.

சரி, அந்தத் தெரியாமை எப்படி வேலை செய்கிறது? 16 மில்லிமீற்றர் பிலிமில் ஓர் அடிக்கு 40 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் 100 அடி றோல் ஒன்று 2 நிமிடம் 47 நொடியில் முடிந்துவிடும். 400 அடி றோல் என்றால் 11 நிமிடம் வரும். றோல் முடிந்தால் ஷொட்டும் முடிந்துவிடும். ஒவ்வோர் அடியும் காசு, பிலிமுக்கு ஒரு காசு, கழுவ ஒரு காசு, பிரதி போட இன்னொரு காசு. அதனால் எப்போது கமராவை ஓடவிடுவது என்பதே பெரிய முடிவாகிவிடுகிறது. எடுத்த பிறகும் உடனே பார்க்க முடியாது, லாபுக்குப் போய் வர நாட்கள் ஆகும். இந்தக் கமராவில் ஒலியும் பதிவாகாது. காற்று, பறவை, பாத்திரச் சத்தம் எல்லாவற்றையும் தனியாகப் பதிந்து, பிறகு வெட்டுமேசையில் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். டீன் பிலிமைக் கையால் வெட்டி, டேப் போட்டு ஒட்டி, தனியாக இருந்து எடிட் பண்ணுகிறவர். படத்தில் கேட்கிற ஒவ்வொரு சத்தமும் அவர் தேர்ந்தெடுத்து வைத்தது.

இது நம்மவர்களில் கொஞ்சம் வயதானவர்களுக்குப் புதிதாக இருக்காது. யாழ்ப்பாணத்தில் 36 படம் றோலில் கலியாணவீடும் சாமத்தியவீடும் எடுத்த காலம் ஒன்று இருந்தது. பெரியம்மா கண்ணை மூடிவிட்டாரா, மாப்பிள்ளையின் தலை வெட்டுப்பட்டதா என்பதெல்லாம் ஸ்டூடியோவில் கழுவி வந்த பிறகுதான் தெரியும். ‘படம் விழுந்திருக்கா?’ என்றுதான் கேட்போம். எடுத்தவருக்கே தெரியாமல் வந்து விழுந்த ஒன்று, பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பிள்ளை, வாசலில் படுத்திருந்த நாய், இன்றைக்கு அந்த அல்பத்தைத் திறந்தால் அதுதான் மணமக்களை விட முக்கியமாகப் போயிருக்கும். அந்தக் காலத்துப் படப்பிடிப்பாளருக்கு இது தவிர்க்க முடியாத இடைஞ்சல், முடிந்தால் அப்போதே திரையில் பார்த்திருப்பார். பார்க்கிற வசதி வந்த பிறகும் வேண்டாம் என்று மறுத்துவிட்டு அந்த இடைஞ்சலின் மேல் தன் முழு வேலையையும் கட்டியவர் டீன்.

அவருடைய கிரகணப் படங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1999 ஓகஸ்ட் 11 அன்று இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் முழுச் சூரிய கிரகணம். டீன் கோர்ன்வோலில் ஒரு பால்பண்ணையில் கமராக்களை நிறுத்தினார். அன்றைக்கு வானம் முழுக்க முகில், சூரியனைச் சரியாகக் காண முடியவில்லை. வேறு யாரும் என்றால் வேலையைக் கைவிட்டிருப்பார்கள். ‘பனூல்’ என்ற அந்த 63 நிமிடப் படத்தில் நாம் பார்ப்பது மாடுகளை. மேய்கின்றன, வெளிச்சம் மங்க மங்கப் படுக்கின்றன, இருட்டுகிறது, பிறகு மெல்ல விடிகிறது. வானத்தில் நடப்பதை நிலத்தில் இருந்து படிக்கிற படம் அது. 2010 ஜனவரி 15 அன்றும் 2019 டிசம்பர் 26 அன்றும் கங்கண சூரிய கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்துக்கு மேலாலேயே போனதால் நம்மிடமும் இந்த அனுபவம் இருக்கிறது. 2010 இல் அந்த வளையம் ஏறக்குறைய பத்து நிமிடம் நின்றது. எல்லோரும் வளையத்தைப் படம் பிடிக்க முயன்றோம், இணையத்தில் தேடினால் ஒரே மாதிரியான வளையங்களாக வந்து நிற்கும். வளவில் வெயிலின் நிறம் மாறியது, மர நிழலில் இலை இடுக்குகளால் விழுந்த ஒளிப் பொட்டெல்லாம் வளையங்களாகிப் போனது, கிணற்றடியில் உலக்கையை நிமிர்த்தி வைத்துப் பார்த்த கிழவிகள், இவற்றை யாராவது பத்து நிமிடம் அசையாமல் எடுத்து வைத்திருந்தால் அதன் பெறுமதியே வேறு.

கிரகணத்தின் மேல் இருந்த இதே நாட்டம்தான் பிறகு ‘அன்ரிகனி’ என்ற பெரிய படத்தில் வந்து சேர்ந்தது. அந்தப் பெயரை 1997 இலேயே மனதில் வைத்திருந்தவர், முடித்துக் காட்டியது 2018 இல். இருபது வருடம். கிரேக்க நாடகத்தில் தன் கண்களைத் தானே குருடாக்கிக்கொண்ட எடிப்பஸை மகள் அன்ரிகனி கைபிடித்து வழிநடத்துகிறாள். ஒரு நாடகத்தின் முடிவில் அவன் தீப்ஸ் நகரை விட்டுப் போக வேண்டியவன், அடுத்ததன் தொடக்கத்தில் கொலொனஸில் வந்து நிற்கிறான், இடையில் அவன் அலைந்த காலம் சோபொக்கிளீஸின் நாடகங்களில் இல்லை. அந்த இடைவெளியைத்தான் டீன் எடுத்துக்கொண்டார். இரண்டு திரையில் ஒரே நேரத்தில் ஓடும் ஒரு மணி நேரப் படம், 2017 ஓகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் வயோமிங்கில் பிடித்த கிரகணமும் அதில் உண்டு. அவர் செய்தது என்னவென்றால், பிரேமின் ஒரு பகுதியை மட்டும் மறைத்துக் கிரகணத்தை எடுத்தார், பிறகு அதே பிலிமைத் திருப்பிச் சுற்றி, மறைத்த பகுதியில் வேறு ஊரில் வேறொரு காட்சியை எடுத்தார். எது எதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. குருடனைப் பற்றிய படத்தை எடுத்தவரும் கண்ணைக் கட்டிக்கொண்டே எடுத்திருக்கிறார். அவருடைய முழு வேலையிலும் கதையும் செய்முறையும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் வேறில்லை.

அந்த மறைப்பு வித்தையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்தவர்கள் கணினியில் செய்தது என்றே நினைக்கிறார்கள். கமராவுக்குள் பிலிமில் ஒளி படுகிற இடத்தில் ஒரு சின்ன நாற்சதுர வாசல் உண்டு, கேட் என்று சொல்வார்கள். அதில் வட்டமோ கோடோ வெட்டிய ஒரு மெல்லிய தகட்டைச் செருகினால், வெட்டிய இடத்தில் மட்டும் பிலிமில் படம் விழும், மற்ற இடம் ஒளி படாமல் கன்னியாக இருக்கும். பிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றி, அந்த இடத்தை மறைக்கும் எதிர்த்தகட்டைப் போட்டு, வேறொன்றை எடுக்கலாம். இப்படி ஒரே பிலிமில் மூன்று, நான்கு முறை போய் வரலாம். ஒருமுறை எங்காவது தவறினால் முன்னர் எடுத்ததெல்லாம் அதோடு போய்விடும்.

இந்த வித்தையால் அவர் முதலில் செய்த பெரிய வேலை ‘ஃபிலிம்’. லண்டன் டேட் மொடேர்ன் ஒரு பழைய மின்நிலையக் கட்டடம், அதன் டேர்பைன் மண்டபத்தில் 2011 ஒக்டோபரில் இருந்து அடுத்த ஆண்டு மார்ச் வரை காட்டினார்கள். 35 மில்லிமீற்றர், ஒலி இல்லை, 11 நிமிடம், அதாவது 1000 அடி றோல் ஒன்றின் அளவு. திரை 13 மீற்றர் உயரம், ஒரு நடுத்தரப் பனையை நிமிர்த்தி வைத்த மாதிரி. அகலத் திரைக்கென்று செய்த அனமோர்பிக் லென்ஸை 90 பாகை திருப்பிப் போட்டதால் படம் பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கி நீண்டது. ஓரங்களில் பிலிமின் துளைகளும் தெரியும், நடுவில் அருவி ஓடும், முட்டை தொங்கும், நகரும் படிக்கட்டு ஏறும், மண்டபத்தின் பின்சுவரே படத்துக்குள் வந்து நிறம் மாறும். எல்லாமே கமராவுக்குள்ளும் கையாலும் செய்தவை.

அந்த வேலை நடந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 2011 பெப்ரவரியில், டீன் வழக்கமாகப் பிரதி போட்டுவந்த லண்டன் லாப் கைமாறி, 16 மில்லிமீற்றர் பிரதி போடுவதையே நிறுத்திவிட்டது. அவர் ‘கார்டியன்’ பத்திரிகையில் அதை எதிர்த்து எழுதினார். அடுத்த ஜனவரியில் பிலிம் செய்யும் கொடாக் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, 2013 இல் ஃபுஜி திரைப்பட பிலிம் செய்வதை விட்டது. இதற்கெல்லாம் முன்னரே, 2006 இல், அவர் பிரான்ஸின் சலோன் சுர் சோன் நகரில் மூடப்படவிருந்த கொடாக் தொழிற்சாலையைப் பற்றி 44 நிமிடப் படம் எடுத்திருந்தார். புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர்களில் முதல்வரான நீப்ஸ் 1765 இல் பிறந்த ஊர் அது. பிலிம் ஓடும் அறைகள் எப்போதும் இருட்டில்தான் இருக்கும், இல்லையென்றால் பிலிம் கெட்டுவிடும். டீன் படம் எடுத்த நாளில் பிலிமுக்குப் பதிலாகப் பழுப்புக் காகிதத்தை ஓடவிட்டு இயந்திரத்தைச் சோதித்தார்கள், அதனால் விளக்குகள் எரிந்தன. உள்ளே வேலை செய்தவர்களுக்கே அபூர்வமான காட்சி அது. 2015 இல் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனோடு சேர்ந்து லொஸ் ஏஞ்சலீஸில் பிலிமின் எதிர்காலம் பற்றிய கலந்துரையாடலையும் நடத்தினார். டிஜிட்டல் வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை. இரண்டும் இருக்கட்டும், தேர்ந்தெடுக்கிற உரிமையைப் பிடுங்காதீர்கள் என்பதுதான் கோரிக்கை.

கடல் அவருடைய இன்னொரு விடாத விஷயம். ‘டிஸப்பியரன்ஸ் அற் ஸீ’ 1996 இல் ஸ்கொட்லாந்தின் சென்ற் அப்ஸ் ஹெட் வெளிச்சவீட்டில் எடுத்த 14 நிமிடப் படம். சுழலும் விளக்கு, மங்கும் கடல், முடிவில் இருட்டு. பின்னணியில் இருப்பது டொனால்ட் குரோகேர்ஸ்ட் என்பவரின் கதை, ஆனால் படத்தில் அவர் பெயரும் இல்லை, முகமும் இல்லை. 1968 இல் தனி ஆளாக உலகைச் சுற்றும் படகுப் போட்டிக்குப் புறப்பட்டார், படகு தாங்காது என்று விளங்கிய பிறகு திரும்பவும் முடியாமல் முன்னேறவும் முடியாமல் அத்திலாந்திக்கிலேயே சுற்றிக்கொண்டு, வேறெங்கோ போய்க்கொண்டிருப்பதாக றேடியோவில் பொய் இடங்களை அறிவித்தார். 1969 ஜூலையில் படகு மட்டும் கிடைத்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938 இல் நம் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்ததைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த கரை இது, போய்ச் சேராதவர்களின் வீடுகளும் இதே கரையில் நிறைய உண்டு. 1916 இல் கட்டிய பருத்தித்துறை வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்தப் 14 நிமிடம் எதைப் பற்றியது என்று விளக்கத் தேவையில்லை.

எல்லாம் சரிவந்துதான் வேலையாகிறது என்றும் இல்லை. 2012 இல் ஜேர்மனியின் கசல் நகரில் நடந்த டொகுமென்ரா கண்காட்சிக்காகக் காபூல் ஆற்றில் பனி உருகி வரும் வெள்ளத்தைப் பற்றி ஒரு படம் செய்ய நினைத்து, அங்கேயே ஒருவரைக் கொண்டு எடுப்பித்த பிலிம் பயன்படவில்லை. டீன் கரும்பலகைகளை எடுத்து இந்துகுஷ் மலைகளைச் சோக்கால் வரைந்தார். அழித்த இடங்களும் கை பட்ட இடங்களும் அப்படியே தெரிகின்றன. என்னைக் கேட்டால் அவருடைய மிக நல்ல வேலைகளில் அதுவும் ஒன்று.

இனி நான் அவரோடு முரண்படும் இடம். 2001 இல் ‘ஃப்ளோ’ என்று ஒரு நூல் வெளியிட்டார். பழைய சாமான் சந்தைகளில் ஏழு வருடம் பொறுக்கி எடுத்த 163 புகைப்படங்கள், யாரோ யாரையோ எடுத்தவை, தலைப்பு, குறிப்பு, ஊர், ஆண்டு எதுவுமே இல்லை. படங்கள் சந்தையில் கிடந்த மாதிரியே பேசாமல் இருக்கட்டும் என்பது அவர் முடிவு. ஒரு கலைச் செயலாக அது துணிவானது, பக்கங்களைப் புரட்டும்போது நாமே கதை கட்டத் தொடங்கிவிடுவோம். ஆனால் நாம் அந்த நூலை ஐரோப்பிய வாசகரைப் போலப் பார்க்க முடியாது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுச் சனம் எல்லாம் ஒரே வீதியால் தென்மராட்சிக்குப் போனபோது அல்பங்கள் வீடுகளில் கிடந்தன. 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் குடும்பப் படங்கள் சிதறிக் கிடந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் கையில் பிடித்தது படங்களைத்தான், ஒவ்வொன்றிலும் பெயரும் திகதியும் எழுதி. பெயரில்லாத படம் டீனுக்குக் கற்பனையின் வாசல், நமக்கு அது இன்னும் மூடாத காயம். 

இங்கேதான் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் நினைவுக்கு வருகிறார். 2011 இல் வெளிவந்த அவருடைய தோம்பு நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் படத்தை நினைவில் இருந்து கோடு போட்டுத் தருகிறார்கள். அதைக் கட்டடக் கலைஞரின் வரைபடமாக ஒருமுறை, ஓவியமாக ஒருமுறை என்று அடுக்குகிறார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. டீன் குறிப்பை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்தார், சனாதனனிடம் புகைப்படமே இல்லாத இடத்தில் நினைவில் இருந்து போட்ட கோடு நிற்கிறது. இருவரும் காலி இடத்தை நிரப்ப மறுக்கிறார்கள். இரண்டு நூலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள், எந்த விரிவுரையும் அவ்வளவு சொல்லித் தராது.

டீனைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், இங்கே இருந்து அவருடைய படங்களைப் பார்ப்பது கடினம். பிலிமில் எடுத்ததைப் பிலிமாகவே காட்ட வேண்டும், புரொஜெக்டர் அந்த அறையிலேயே ஓட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமானவர். அவர் பக்க நியாயம் புரிகிறது, இருந்தாலும் அதன் விலையைக் கொடுப்பது நம் போன்ற ஊர்கள்தான். 2015 இல் இருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது, நுண்கலை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் கண்காட்சிக்குரிய பிலிம் புரொஜெக்டரையும் அதை ஓட்டத் தெரிந்தவரையும் இங்கே கொண்டுவந்து நிறுத்துவது சின்னக் காரியம் இல்லை. இந்தத் தூரத்தைப் பற்றி அவரைப் போன்றவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு வழி நம் உறவுகள்தான். 2023 இல் பாரிஸ் நகரின் பூர்ஸ் து கொமேர்ஸ் கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தது, நம்மவர்கள் கடை வைத்திருக்கும் லா சப்பலுக்குப் பக்கத்து கார் து நோரில் ரயில் ஏறினால் ஒரே ஒரு நிறுத்தம். அடுத்த முறை வரும்போது அங்கே இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இங்கே கமரா பிடிக்கிற பிள்ளைகளுக்கு டீனின் முறையை முயன்று பார்க்கப் பிலிம் வேண்டும் என்றில்லை. போனோ கமராவோ, எதுவானாலும் திரையைக் கறுப்பு டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 2 நிமிடம் 47 நொடி, ஒரே ஷொட், அசைக்காமல் எடுங்கள். அந்த இடத்தின் சத்தத்தை வேறொரு நாள் போய்த் தனியாகப் பதியுங்கள். எடுத்ததை ஒரு கிழமைக்குத் திறக்க வேண்டாம். எடுத்த அன்றே, என்ன விழுந்திருக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், கிழமை முடிந்து படத்தைத் திறக்கும்போது அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.